வேலிக்கு முந்தைய பாட்டு

இசை விமர்சனம் எழுதும் இளைய நண்பர்களுக்கு,

2025 பிப்ரவரியில் பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த தொகுப்பாகவும் சிறந்த கன்ட்ரி தொகுப்பாகவும் தேர்வானது. அதையொட்டி நீங்கள் எழுதியவற்றில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். சிலர் கொண்டாடியிருந்தீர்கள். சிலர் இது கன்ட்ரியே இல்லை என்று ஒதுக்கியிருந்தீர்கள். இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருந்தது. இசை வகைகள் ஆதியிலிருந்தே தனித்தனியாக இருந்து வருபவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பாடகர் வேலி தாண்டுகிறார். தாண்டுவது வீரம் அல்லது அத்துமீறல். உங்கள் சண்டை அந்தத் தாண்டலுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்பதில்தான்.

அதே தொகுப்பில் இரண்டு இடங்களில் ஒரு முதியவரின் குரல் வருகிறது. வானொலி அறிவிப்பாளராக நடித்திருக்கிறார். முதல் இடத்தில் வானொலியின் குமிழ் திருகப்படுகிறது. சக் பெர்ரியும் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பும் துண்டு துண்டாக வந்து போகிறார்கள். அதன் பிறகு அவர் பேசுகிறார். வில்லி நெல்சன். தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது 90. உங்கள் கட்டுரைகளில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அரை வரி: 'கன்ட்ரி ஜாம்பவானும் தோன்றுகிறார்'. அந்த அரை வரியைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் இந்த மடல். கன்ட்ரி, ஜாஸ், ப்ளூஸ், கோஸ்பல், ரெகே என்று அவரளவுக்குப் பல இடங்களில் பாடிய இன்னொரு கன்ட்ரி பாடகரைச் சொல்வது கடினம். அவருடைய கதையை முதலிலிருந்து பார்த்தால் உங்கள் வேலிக் கணக்கு உதைக்கிறது.

1933 ஏப்ரலில் டெக்சஸ் மாநிலத்தில் அபட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். சில நூறு பேர் வாழ்ந்த பருத்தி ஊர். பெற்றோர் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட, அவரையும் இரண்டு வயது மூத்த அக்கா பாபியையும் வளர்த்தவர்கள் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் பாட்டியும். தாத்தா கொல்லர். இருவரும் தபால் வழியாக இசைப்பாடம் படித்தவர்கள். இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் அந்தப் பாடத்தாள்களை விரித்து வைத்துப் பயிற்சி செய்வார்களாம். அக்காவுக்கு முதலில் மிதியார்மோனியம், பிறகு பியானோ. தம்பிக்கு ஆறு வயதில் தாத்தா வாங்கிக் கொடுத்த கிதார். அதற்குப் பிறகு தாத்தா அதிக நாள் இருக்கவில்லை.

அந்தச் சிறுவன் காதில் என்னென்ன விழுந்தன என்று பாருங்கள். ஞாயிறன்று மெதடிஸ்ட் தேவாலயத்தில் கீர்த்தனைகள். வார நாட்களில் பருத்தி எடுக்கப் போனால் பக்கத்து வரிசையில் கறுப்பினத்தவரின் ப்ளூஸ், அதற்கடுத்த வரிசையில் மெக்சிகோக்காரர்களின் ஸ்பானியப் பாட்டு. பக்கத்திலேயே வெஸ்ட் என்ற ஊர். பெயர்தான் அப்படி, குடியிருந்தவர்கள் செக் நாட்டிலிருந்து வந்தவர்கள். அங்கே சனிக்கிழமை நடனக் கூடங்களில் போல்கா. ஏறத்தாழ பத்து வயதில் வில்லி ஒரு போல்கா வாத்தியக் குழுவில் கிதார் வாசிக்கப் போனார். ஊதுகுழல்களின் சத்தத்தில் அவர் வாசித்தது யார் காதிலும் விழுந்திருக்காது. ஆனால் ஒரு ராத்திரிக்குக் கிடைத்த காசு பருத்தி வயலின் நாள்கூலியை விட அதிகம். வீட்டுக்கு வந்தால் வானொலி: பாப் வில்ஸின் ஃபிடில், ஃபிராங்க் சினாட்ராவின் குரல், கன்ட்ரி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் சனிக்கிழமை ஒலிபரப்பு. அக்காவின் பியானோ மேல் அச்சிட்ட பாட்டுத் தாள்கள். அவற்றில் ஹோகி கார்மைக்கேலின் 'ஸ்டார்டஸ்ட்' முதலான அந்நாளைய நகரத்துப் பாடல்கள்.

பத்து வயதுக்குள் இத்தனையும் கலந்து காதில் ஏறிவிட்டது. எது கன்ட்ரி, எது ஜாஸ் என்று அபட்டில் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

பிரித்தது வேறிடம். 1920களில் இசைத்தட்டு விற்க வந்த நிறுவனங்களுக்கு யாரிடம் எதை விற்பது என்ற கவலை. ரால்ஃப் பியர் போன்ற தயாரிப்பாளர்கள் கறுப்பினத்தவரின் தட்டுகளை 'ரேஸ்' என்றும் வெள்ளைக் கிராமத்தாரின் தட்டுகளை 'ஹில்பில்லி' என்றும் தனித்தனிப் பட்டியலில் போட்டார்கள். வாசித்தவர்கள் அந்தப் பட்டியலைப் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. கன்ட்ரியின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் 'ப்ளூ யோடெல் 9' பாடியபோது ட்ரம்பெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ வாசித்தவர் லில் ஹார்டின். 1949-ல் 'பில்போர்டு' இதழ் பட்டியல்களின் பெயரைக் கொஞ்சம் நாகரிகமாக்கி, ஒன்றை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்றும் மற்றதை 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்றும் ஆக்கியது. அதாவது வில்லியின் காது முழுமையாக உருவாகி முடிந்த பிறகு. நீங்கள் இன்று காவல் காக்கிற வேலி, ஒரு கடையின் அலமாரிப் பலகை.

வாலிப வயதில் அவர் பார்க்காத வேலை இல்லை. விமானப்படையில் சில மாதம் இருந்து முதுகுவலியால் திரும்பினார். வீடு வீடாகக் கலைக்களஞ்சியம் விற்றார், தூசு உறிஞ்சும் இயந்திரம் விற்றார், பைபிள் விற்றார். சிறு வானொலி நிலையங்களில் அறிவிப்பாளராக இருந்தார். ஃபோர்ட் வொர்த்தில் சனி இரவு மதுக்கூடத்தில் பாடிவிட்டு ஞாயிறு காலை தேவாலயத்தில் சிறுவர்களுக்கு வேதபாடம் நடத்தினார். ஒன்றை விடு என்று போதகர் சொன்னபோது அவர் விட்டது வேதபாட வகுப்பை. மதுக்கூடத்துக்கு வருகிற அதே ஆட்கள்தான் தேவாலயத்துக்கும் வருகிறார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அவருடைய முதல் வேலி இதுதான் என்று நினைக்கிறேன். அதைப் போட்டது இசைக் கம்பெனிகூட இல்லை.

ஹூஸ்டனில் வறுமை முற்றியபோது 'ஃபேமிலி பைபிள்' பாட்டின் உரிமையை 50 டாலருக்கும் 'நைட் லைஃப்' உரிமையை 150 டாலருக்கும் விற்றார். முதலாவது ஒரு பக்திப் பாட்டு. 1960-ல் கிளாட் கிரே பாடி வெற்றி பெற்றது. இரண்டாவதைக் கன்ட்ரி பாடகர் ரே பிரைஸ் பாடினார். பிறகு ப்ளூஸ் மேதை பி.பி. கிங் பாடினார், இருவர் வாயிலும் சொந்தப் பாட்டாகவே ஒலித்தது. எழுதியவருக்கு வாடகை கொடுக்க வழியில்லாத காலம் அது.

1960-ல் கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் போனார். டூட்சீஸ் ஆர்க்கிட் லவுஞ்ச் என்ற மதுக்கூடத்தில் பாட்டெழுதுகிறவர்கள் கூடுவார்கள். அவர்களில் ஒருவரான ஹேங்க் காக்ரன் இவரைக் கேட்டுவிட்டுத் தான் எழுதிவந்த பதிப்பு நிறுவனத்தில் வேலை வாங்கித் தந்தார். அறையின் சுவரோடு பேசுகிற 'ஹலோ வால்ஸ்' பாட்டைப் பாடகர் ஃபேரன் யங்கிடம் 500 டாலருக்கு விற்கப் போனார் வில்லி. யங் வாங்க மறுத்து, பாட்டை வைத்துக்கொள் என்று பணத்தைக் கடனாகக் கொடுத்தார். 1961-ல் அது பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாட்டு வியாபாரத்தில் இப்படிப்பட்ட நேர்மை அபூர்வம் என்பதால் யங்கின் பெயரை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

அதே ஆண்டு பாட்சி கிளைன் வில்லி எழுதிய 'கிரேசி' பாட்டைப் பாடினார். கார் விபத்தில் விலா எலும்பு அடிபட்டு ஊன்றுகோலோடு வந்திருந்தார். பதிவின் முதல் அமர்வில் உச்ச சுரங்களைப் பிடிக்க முடியவில்லை. பிறகு இன்னொரு நாள் வந்து பாடிக் கொடுத்தார். அவருக்கு வலியைவிடப் பெரிய தொல்லை வில்லி பாடிக் காட்டியிருந்த மாதிரிப் பதிவு. வில்லி தாளத்தோடு நடப்பதில்லை. சொல்லைப் பின்னால் இழுத்து வைத்து, பிறகு ஓடி வந்து சேர்ந்துகொள்வார். சில சமயம் முன்னாலேயே போய் நின்று காத்திருப்பார். சமத்தில் எடுக்காமல் தள்ளி எடுக்கும் பாட்டைக் கச்சேரிகளில் கேட்டுப் பழகிய உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நாஷ்வில் இசைக்கலைஞர்களோ அவருக்குத் தாளம் போதாது என்றே நினைத்தார்கள். அப்படித் தள்ளிப் பாடுவது சினாட்ராவிடமும் ஜாஸ் பாடகர்களிடமும் கேட்ட பழக்கம். 'கிரேசி'யின் சுர அடுக்குகளும் அன்றைய சராசரி கன்ட்ரி பாட்டின் மூன்று அடுக்குகளுக்குள் அடங்குவதில்லை. கிளைன் அந்தப் பாட்டைத் தன் வழியில் பாடி நிலைநிறுத்தினார். பாட்டு ஊரெங்கும் போனது. எழுதியவரின் குரலை மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

1960களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் ஆர்சிஏ நிறுவனத்தில். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் தானே பெரிய கிதார் கலைஞர், வில்லியின் மேல் மரியாதை உள்ளவர். இருந்தும் அன்றைய நாஷ்வில் வழக்கப்படி குரலுக்குப் பின்னால் வயலின் கூட்டமும் கோரஸும் நிரப்பப்பட்டன. நடுவே ஒரு மனிதன் தாளத்துக்கு அப்பால் பேசிக்கொண்டிருப்பதுபோல் அந்தத் தட்டுகள் ஒலிக்கும். விற்கவும் இல்லை. ரசிகர்கள் இந்தக் காலத்தைச் சிறைவாசமாகச் சித்திரிப்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. பாட்டெழுதிக் கிடைத்த ராயல்டி வந்துகொண்டிருந்தது, ஊர் ஊராகப் போய்ப் பாடினார், 1969-ல் தன் கிதாரைக் கண்டடைந்தார். அதற்குமுன் வைத்திருந்த கிதாரின் மேல் ஒரு குடிகாரர் கால் வைத்து நொறுக்கிவிட, நாஷ்வில்லில் கருவிகள் பழுதுபார்க்கும் ஷாட் ஜாக்சன் வேறொன்றைக் காட்டினார்: மார்ட்டின் என்-20, நைலான் தந்தி போட்ட ஸ்பானிய வகைக் கிதார். பார்க்காமலே 750 டாலருக்கு வாங்கினார். நடிகர் ராய் ராஜர்ஸின் குதிரைப் பெயரை அதற்கு வைத்தார்: ட்ரிகர். விரலால் மீட்ட வேண்டிய கருவி அது. அதனால் பலகையில் காப்புத் தகடு கிடையாது. வில்லி பிளெக்ட்ரத்தால் வாசித்து வாசித்து ஒலித்துளைக்குக் கீழே இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. ஜிப்சி கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நாதத்தைக் கன்ட்ரி பாட்டுக்குள் கொண்டுவந்தது அந்த ஓட்டைக் கிதார்தான்.

நாஷ்வில்லுக்கு வெளியே இருந்த அவரது வீடு தீப்பிடித்தபோது உள்ளே ஓடிப்போய் மீட்டது ட்ரிகரையும் ஒரு பொட்டலம் கஞ்சாவையும். இதை அவரே பெருமையாகச் சொல்வார். அதோடு டெக்சஸுக்குத் திரும்பினார். 1972-ல் ஆஸ்டினின் 'ஆர்மடில்லோ வேர்ல்டு ஹெட்குவார்டர்ஸ்' என்ற கூடத்தில் பாடினார். அங்கே நீளமுடி ஹிப்பிகளும் கவ்பாய்த் தொப்பி அணிந்தவர்களும் ஒரே தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். புரட்சி என்று இதைப் பிற்பாடு எழுதினார்கள். அவருக்கு அது வெஸ்ட் ஊர் நடனக்கூடத்தின் தொடர்ச்சியாக இருந்திருக்கலாம். கையில் பணம் உள்ள எவரும் வரலாம் என்ற இடம்.

அட்லாண்டிக் நிறுவனத்தில் ரே சார்ல்ஸையும் அரீதா ஃபிராங்க்ளினையும் பதிவு செய்த ஜெரி வெக்ஸ்லர் இவரை எடுத்துக்கொண்டார். 1973-ல் நியூயார்க்கில் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றைப் பதிவு செய்யப் போனபோது அக்கா பாபியை வரவழைத்தார் வில்லி. பாபி விமானம் ஏறியது அதுவே முதல் முறை. அன்றிலிருந்து அவர் தம்பியின் குழுவை விட்டுப் போகவில்லை.

பிறகு கொலம்பியா நிறுவனம். பதிவில் தன் விருப்பமே செல்லும் என்ற உரிமையோடு ஒப்பந்தம். 1975-ல் டெக்சஸின் கார்லண்டில் ஒரு சிறிய பதிவுக்கூடத்தில் சில நாட்களில், சில ஆயிரம் டாலர் செலவில் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' முடிந்தது. மனைவியைக் கொன்றுவிட்டு ஊர் ஊராக அலையும் ஒரு போதகனின் கதை. கிதார், பியானோ, ஹார்மோனிகா, லேசாக டிரம், அவ்வளவுதான். கம்பெனி அதிகாரிகள் இதை மாதிரிப் பதிவு என்று நினைத்தார்கள். அதிலிருந்த 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெய்ன்' பழைய பாட்டு, ஃபிரெட் ரோஸ் எழுதியது. வில்லி பாடகராக முதலிடம் பிடித்தது அதன் மூலம்தான், 42 வயதில். என் கணக்கில் அவருடைய உச்சம் இந்தத் தொகுப்பு. எல்லோரும் 'ஸ்டார்டஸ்ட்' என்பார்கள்.

'ஸ்டார்டஸ்ட்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1977-ல் கலிபோர்னியாவின் மலிபுவில் வில்லியின் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர் பூக்கர் டி. ஜோன்ஸ், மெம்ஃபிஸ் சோல் இசையின் தூண்களில் ஒருவர், 'க்ரீன் ஆனியன்ஸ்' ஆர்கன் வாசித்தவர். இருவரும் பழைய பாட்டுகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பூக்கர் ஒன்றுக்கு வாத்திய அமைப்பு எழுதினார். மற்றவற்றுக்கும் எழுதச் சொன்னார் வில்லி. பாடகி எம்மிலூ ஹாரிஸின் வீட்டில், வெளியே நின்ற நடமாடும் பதிவு லாரியோடு கம்பி இழுத்துப் பதிவு செய்தார்கள். பத்துப் பாட்டுகள். கார்மைக்கேல், கெர்ஷ்வின், இர்விங் பெர்லின், ட்யூக் எலிங்டன், கர்ட் வைல். அத்தனையும் நியூயார்க் நாடக மேடையும் சினிமாவும் ஜாஸ் மன்றமும் வளர்த்த பாட்டுகள். கன்ட்ரியில் நட்சத்திரமாகி இரண்டு வருடமே ஆன ஆள் இதைச் செய்தால் வாழ்க்கை முடிந்தது என்று கம்பெனி பயந்தது. வில்லியின் கணக்கு எளியது. இளைஞர்களுக்கு இவை புதுப்பாட்டு, பெரியவர்களுக்குத் தெரிந்த பாட்டு.

1978 ஏப்ரலில் வெளியானது. கன்ட்ரி தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்து, அந்தப் பட்டியலில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இருந்தது. 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' கிராமி வாங்கித் தந்தது.

இப்போது அதைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். ஜாஸ் பாடகராக மாற அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை. குரலில் அதே மூக்கொலி, அதே பேச்சு நடை. பூக்கர் வாத்தியங்களைக் குறைத்து, குரலுக்கு இடம் விட்டிருக்கிறார். 'மூன்லைட் இன் வெர்மான்ட்' பாட்டில் எதுகையே கிடையாது. அடிகள் எங்கே முடிகின்றன என்று பாடகர்தான் காட்ட வேண்டும். தாளத்துக்குப் பின்னால் நடக்கிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு இருக்க முடியாது. சில பாட்டுகளில் பூக்கர் சேர்த்த வயலின்கள் எனக்குத் திகட்டும், அது தனி. பியானோவில் பாபி. நாற்பது வருடத்துக்கு முன் அபட் வீட்டில் எந்தத் தாள்களிலிருந்து வாசித்தாரோ, அந்த வகைப் பாட்டுகளுக்குத்தான் இப்போதும் வாசிக்கிறார். கம்பெனி கண்ட வெளியூர்ப் பயணம் அந்த இரண்டு பேருக்கும் வீட்டுக்கூடம்.

என் வாதம் முழுக்க இதில் அடங்குகிறது. வில்லி தன் சிறுவயதுக் காதுக்குள் இருந்ததைப் பாடியபோதெல்லாம் எழுந்து நிற்கிறார்; உண்மையிலேயே புது ஊருக்குப் போனபோது தடுமாறுகிறார். 2005-ல் வந்த ரெகே தொகுப்பு 'கன்ட்ரிமேன்' அதற்குச் சாட்சி. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கிக் கிடப்பில் கிடந்த முயற்சி. உறையில் கஞ்சா இலை இருந்ததால் வால்மார்ட் கடைகளுக்காக ஈச்சமரப் படம் போட்ட தனி உறை அச்சிட்டார்கள். அந்தத் தொகுப்பில் சுவையான சம்பவம் அதுதான். குழு ஒழுங்காக வாசிக்கிறது, அவர் விருந்தாளிபோல் ஓரமாக நிற்கிறார். 1984-ல் ஹூலியோ இக்லேசியாஸோடு பாடிய காதல் பாட்டு உலகெங்கும் விற்றது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் 2008-ல் ட்ரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸோடு வெளியிட்ட நேரடிக் கச்சேரித் தொகுப்பைக் கேளுங்கள். நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் கோட்டு சூட்டு ஜாஸ் வித்துவான்கள் நடுவே ட்ரிகரோடு உட்கார்ந்து ப்ளூஸ் பாடுகிறார், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வகை எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, இந்தப் பாட்டு இந்தத் தொண்டைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்கள் மதிப்பெண்களே மாறும்.

அப்படியானால் வேலியே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, சிலருக்கு மட்டும். வில்லி வெள்ளைக்காரர். அவர் ஜாஸ் பாடினால் கம்பெனி முகம் சுளிக்கும், அவ்வளவே. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். டிஃபோர்டு பெய்லி கிராண்ட் ஓல் ஆப்ரியின் ஆரம்பகால நட்சத்திரம், ஹார்மோனிகா மேதை, கறுப்பினத்தவர். 1941-ல் நீக்கப்பட்டு நாஷ்வில்லிலேயே காலணி மெருகிடும் கடை நடத்தினார். ரே சார்ல்ஸ் 1962-ல் கன்ட்ரி பாட்டுகளால் ஒரு முழுத் தொகுப்பே போட்டார். அதிலிருந்த ஒரு பாட்டு அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கன்ட்ரி பட்டியலில் இடமில்லை. சார்லி பிரைடை 1966-ல் ஆர்சிஏ அறிமுகப்படுத்தியபோது வானொலி நிலையங்களுக்கு அவருடைய படம் இல்லாமல் தட்டை அனுப்பியது. குரல் பிடித்துப்போகட்டும், முகம் பிறகு தெரியட்டும் என்ற உத்தி. அவரை எடுத்தவர் அதே செட் அட்கின்ஸ்தான். லிண்டா மார்ட்டெல் 1969-ல் ஆப்ரி மேடையில் பாடிய முதல் கறுப்பினத் தனிப் பாடகி. ஒரே ஒரு தொகுப்பு, கூட்டத்திலிருந்து வசவு, சில ஆண்டுகளில் நாஷ்வில்லை விட்டுப் போனார், பின்னாளில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். 'கவ்பாய் கார்ட்டர்' தொகுப்பில் வில்லியைப் போலவே அவர் குரலும் வருகிறது. அவரைப் பற்றி உங்களில் எத்தனை பேர் ஒரு பத்தி எழுதினீர்கள்? அந்தத் தொகுப்புக்கு 2024-ல் நாஷ்வில்லின் சிஎம்ஏ விருதுகளில் ஒரு பரிந்துரைகூட இல்லை என்பதைச் சொன்னவர்களும் மார்ட்டெலிடம் போய்ச் சேரவில்லை.

வில்லியும் ரேயும் பின்னால் சேர்ந்து பாடினார்கள். 'செவன் ஸ்பானிஷ் ஏஞ்சல்ஸ்' 1985-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். 23 ஆண்டுகளுக்கு முன் ரேயை உள்ளே விடாத அதே பட்டியல். இருவரும் சதுரங்கம் ஆடுவார்களாம். ரே விளக்கை அணைத்துவிட்டு, தடவிப் பார்த்து ஆடும் பலகையில் வில்லியைத் தோற்கடிப்பார். அடுத்த முறை விளக்கைப் போட்டு ஆடலாமா என்று வில்லி கேட்டாராம். 2004-ல் ரேயின் இறுதிச் சடங்கில் 'ஜார்ஜியா' பாடியவர் வில்லி.

மீதி வாழ்க்கையை நீங்களே தேடிப் படிக்கலாம். நீல் யங், ஜான் மெல்லன்காம்ப் ஆகியோரோடு 1985 செப்டம்பரில் கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காகத் தொடங்கிய 'ஃபார்ம் எய்ட்' இன்றும் நடக்கிறது. இலினாய் மாநிலத்தின் ஷாம்பேன் நகரில் நடந்த முதல் கச்சேரியில் லொரெட்டா லின்னும் பி.பி. கிங்கும் பாப் டிலனும் பாடினார்கள். 1990-ல் வருமானவரித் துறை 1.6 கோடி டாலருக்கு மேல் பாக்கி என்று அவர் சொத்தைக் கைப்பற்றியது. மகள் ட்ரிகரை மட்டும் ஹவாய்க்கு அனுப்பிக் காப்பாற்றினார். கடனடைக்கக் கிதாரும் குரலும் மட்டும் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டு, அதற்கு வரித்துறையின் பெயரையே வைத்தார். அவசரத்தில் வந்த தொகுப்பு என்று விமர்சகர்கள் கடந்துபோவார்கள். அலங்காரம் எதுவும் இல்லாமல் அவரைக் கேட்க விரும்புகிறவர்கள் அங்கே தொடங்கலாம். 1993-ல் கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்திலும் 2023-ல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்திலும் இடம் கிடைத்தது.

ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். பாபி நெல்சனைப் பற்றித் தமிழில் நான் எதுவும் படித்ததில்லை. மதுக்கூடங்களில் பியானோ வாசிக்கிற பெண் நல்ல தாயாக இருக்க முடியாது என்று சொல்லி, கணவர் வீட்டார் நீதிமன்றம் போய் அவருடைய மூன்று மகன்களையும் பிரித்தார்கள். அவர் சுருக்கெழுத்துப் படித்தார், ஃபோர்ட் வொர்த்தில் ஹாமண்ட் ஆர்கன் விற்கும் இடத்தில் வாசித்துக் காட்டும் வேலை பார்த்தார், பிள்ளைகளை மீட்டார். பிறகு ஐம்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனை, கெர்ஷ்வின், ஹாங்க்கி-டாங்க் எல்லாவற்றுக்கும் வாசித்தார். 'ஆடியோபயோகிராஃபி' என்ற தொகுப்பை 2007-ல் வெளியிட்டார், 76 வயதில். 2022 மார்ச்சில் மறைந்தார். அக்காவும் தம்பியும் சேர்ந்து எழுதிய நினைவுக்குறிப்பு நூல் 2020-ல் வந்திருக்கிறது. அதிலிருந்து தொடங்கி, உங்களில் யாராவது அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதுங்கள். லிண்டா மார்ட்டெலைப் பற்றி இன்னொருவர் எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய வாசகர் ஒருவர்